கைவிட்ட குழாயும் கிணற்று நீரும்

பழைய வீடொன்றைத் திருத்த முற்படுபவர்கள் முதலில் கூரையைப் பார்க்கின்றனர். பின்னர் சுவர், கதவு, யன்னல் என்று கணக்குப் போடுகின்றனர். பின்வளவில் மண்ணின் கீழ் கிடக்கும் பழைய கழிவுக் குழாய்களைப் பற்றி எண்ணுபவர்கள் மிகக் குறைவு. புதிய மலசலகூடம் கட்டியாயிற்று, பழையதை இடித்தாயிற்று, மேலே மண் போட்டு மூடியாயிற்று. அத்தோடு அலுவல் முடிந்தது என்பதே பொதுவான எண்ணம்.

ஆனால் நாம் பாவிக்காமல் விட்ட குழாயை வேறு பல பாவித்துக்கொண்டிருக்கின்றன. மழைநீர் அதனுள் ஓடுகிறது. எலி அதனுள் குட்டி போடுகிறது. பழைய குழியில் எஞ்சிய அழுக்கு அதன் வழியே ஊர்கிறது. அது எங்கே போய்ச் சேர்கிறது என்பதே யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழும் ஒவ்வொரு குடும்பமும் கேட்கவேண்டிய கேள்வியாகும்.

குடாநாட்டில் இன்று இக்கேள்வி முக்கியமானது. வலிகாமம் வடக்கில் 1990இல் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு, போர் முடிந்த 2009இற்குப் பின்னரே காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. வேறு பல ஊர்களிலும் நெடுங்காலம் பூட்டிக் கிடந்த வீடுகள் திருத்தப்படுகின்றன. வீட்டைக் கட்டியவர்கள் பலர் இன்று இல்லை. குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்வதற்கும் ஆள் இல்லை.

நமது நிலத்தின் தன்மை

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கை ஆறும் மாரியில் மட்டுமே ஓடுகிறது. பெய்யும் மழை மண்ணில் ஊறி, கீழேயுள்ள சுண்ணாம்புக் கற்பாறையில் தங்குகிறது. அதுவே நமது கிணற்று நீர். மயோசீன் காலத்தில் உருவான இப்பாறையில் வெடிப்புகளும் பொந்துகளும் நிறைய உண்டு. நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

மணலிலும் களியிலும் நீர் மெல்ல வடிந்து செல்லும். அவ்வாறு செல்கையில் கிருமிகளில் ஒரு பகுதி மண்ணில் தங்கிவிடும். சுண்ணாம்புக் கல்லின் வெடிப்பில் அப்படியன்று. மேலே ஊற்றியது வடிகட்டப்படாமலே விரைவாகக் கீழே இறங்கிவிடும். பாறைக்கு மேலே மண் குறைவாக உள்ள இடங்களில் இந்த ஆபத்து அதிகம்.

கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் 50 அடியாவது இருக்கவேண்டும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இரண்டு பரப்பு வளவு ஏறக்குறைய 74 அடிக்கு 74 அடி. அதற்குள் வீடு, கிணறு, மலசலகூடம், குழி எல்லாம் அமைய வேண்டும். அயல் வளவின் குழி நமது வேலியோரத்தில் இருக்கலாம். 50 அடியைக் காப்பாற்றுவதே கடினமாக உள்ள இடத்தில், பழைய குழியிலிருந்து கிணற்றடி வரை 40 அடி நீளத்துக்கு வெற்றுக் குழாய் ஒன்று கிடந்தால் எஞ்சுவது பத்து அடிதான். தூரத்தால் கிடைக்கும் பாதுகாப்பைக் குழாய் இல்லாமற் செய்துவிடுகிறது.

மலக்கழிவிலிருந்து நிலத்தடி நீருக்குச் செல்வது கிருமி மட்டுமன்று. நைத்திரேற்றும் செல்கிறது. தோட்டங்களுக்கு இடும் இரசாயன உரமும் எருவும் இதற்கு மற்றைய காரணங்கள். குடிநீர் ஒரு லீற்றரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. போத்தற்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு இது மிகவும் ஆபத்தானது. இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றல் குறைந்து, உடல் நீலம் பாரிக்கும். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். ஆகவே கொதித்தாறிய நீர் குடிக்கிறோம் என்று ஆறுதல் அடைந்துவிட முடியாது.

எலியும் நுளம்பும்

2024 டிசெம்பரில் யாழ். மாவட்டத்தில் எலிக்காய்ச்சலால் உயிரிழப்புகள் ஏற்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் தோலிலுள்ள காயத்தின் வழியாகவோ கண், வாய் வழியாகவோ நோயைக் கொடுக்கின்றன. இரு முனையும் திறந்து கிடக்கும் நாலு அங்குலக் குழாயைவிட எலிக்கு வசதியான வீடு வேறில்லை.

நுளம்பின் கதையும் இதுவே. அழுக்கு நீரில் பெருகுவது க்யூலெக்ஸ் நுளம்பு. டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு தெளிந்த நீரையே விரும்புகிறது. பாவனை நின்ற குழாயின் வளைவுகளிலும் மூடி உடைந்த சிறு தொட்டிகளிலும் தேங்குவது மழைநீர். முட்டை நுளம்பாக மாற ஏழு முதல் பத்து நாட்கள் போதும். நீர் வற்றினாலும் முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். 2017இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சல் கண்டது. சிரட்டையையும் ரயரையும் அகற்றிய பின்னும் நுளம்பு குறையாத வளவில், மண்ணின் கீழேயும் பார்ப்பது நல்லது.

மண்வெட்டி எடுக்கும் முன்

முதலாவது, வெடிபொருள் பற்றிய எச்சரிக்கை. போர் நடந்த பகுதியில், நெடுங்காலம் ஆளில்லாதிருந்த வளவில், காணி கண்ணிவெடி அகற்றப்பட்டு விடுவிக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் விசாரித்த பின்னரே நிலத்தைத் தோண்ட வேண்டும். விடுவிக்கப்பட்ட காணியிலும் வெடிக்காத எறிகணைகள் தனித்தனியே கண்டெடுக்கப்பட்டுள்ளன. துருப்பிடித்த உலோகப் பொருள் எதுவும் தென்பட்டால் அதனைத் தொடாமல், தட்டாமல், வேலையை நிறுத்தி, இடத்துக்கு அடையாளம் இட்டு, பிள்ளைகளைத் தூரப்படுத்தி, பொலிசாருக்கு அறிவிக்க வேண்டும். அவசர இலக்கம் 119.

இரண்டாவது, குழாய் உண்மையிலேயே கைவிடப்பட்டதா என்று அறிய வேண்டும். நமது ஊர்களில் ஒரு பெரிய வளவு பெண்பிள்ளைகளுக்குச் சீதனமாகப் பிரிக்கப்படுவது வழக்கம். ஒரே வீடாக இருந்த காலத்தில் தாட்ட குழாய், பிரிவினையின் பின் அக்காவின் பங்கிலிருந்து தங்கையின் பங்குக்கு ஓடிக்கொண்டிருக்கலாம். நமக்குத் தேவையற்ற குழாய் அயல் வீட்டின் சமையலறைக் குழாயாக இருக்கலாம். எனவே முதலில் வேலிக்கு அப்பால் உள்ளவர்களோடு பேச வேண்டும். கிணற்றில் பங்குள்ளவர்கள் அனைவருக்கும் இது பொது அலுவல்.

மூன்றாவது, குழாய் போகும் வழியைக் கண்டுபிடித்தல். வழக்கமாக ஒரு பழைய வளவில் நான்கு வகைக் குழாய்கள் இருக்கும்: கூரைப் பீலியிலிருந்து வரும் மழைநீர்க் குழாய், சமையலறைக் குழாய், கிணற்றடித் தொட்டியிலிருந்து செல்லும் குழாய், மலசலகூடக் குழாய். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஒரு வாளி நீர் ஊற்றி மறுமுனையில் ஒருவர் பார்த்திருக்க வேண்டும். நீரில் சிறிது சமையல் நிறம் கலந்துகொண்டால் சந்தேகம் இராது. நீர் எங்கும் வெளிவராவிட்டால் குழாய் இடையில் உடைந்திருக்கிறது, அல்லது முனை மண்ணுள் மறைந்திருக்கிறது என்பது பொருள். வளையக்கூடிய அரை அங்குல பிளாஸ்ரிக் குழாயை உள்ளே செலுத்தி, தடைப்படும் இடம் வரை அளந்து, அந்நீளத்தை நிலத்தின் மேல் கயிறு பிடித்துக் குறிக்கலாம். கண்டவற்றை ஒரு தாளில் வரைந்து வைத்தால் பின்வரும் சந்ததிக்கும் பயன்படும்.

நான்காவது, காலம். மாரி மழை ஒக்ரோபரில் தொடங்குகிறது. யூலை முதல் செப்ரெம்பர் வரை நிலம் காய்ந்து, கிணற்று நீர்மட்டம் இறங்கியிருக்கும். அக்காலத்தில் தொடங்கி, மழைக்கு முன் கிடங்கை மூடிவிட வேண்டும். திறந்த கிடங்கில் மாரி வெள்ளம் இறங்கினால் அழுக்கு முழுவதும் ஒரே நாளில் நிலத்தடிக்குப் போய்விடும்.

தோண்டும் முறை

பழைய மலசலகூடக் குழாய்கள் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு அடி ஆழத்தில் கிடக்கும். 40 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டு அடி ஆழம் என்றால் வெட்டவேண்டிய மண் 120 கன அடி. அதாவது ஒரு கியூபிலும் சற்று அதிகம். மேல்மண்ணை ஒரு பக்கமும் குழாயை ஒட்டிய மண்ணை மறுபக்கமும் போட வேண்டும். குழாயை ஒட்டிய, மணமுள்ள, கறுத்த மண்ணைக் கீரைப் பாத்திக்கோ மரக்கறித் தோட்டத்துக்கோ போடக் கூடாது.

வீட்டுச் சுவரின் ஓரமாகக் குழாய் சென்றால் முழு நீளத்தையும் ஒரே தடவையில் தோண்டக் கூடாது. மூன்று நாலு அடி தோண்டி, குழாயை எடுத்து, மண்ணிட்டு இறுக்கிய பின்பே அடுத்த பகுதிக்குச் செல்ல வேண்டும். இல்லாவிடின் அத்திவாரம் இளகும். கரையோரத்து மணல் நிலத்தில் ஆழம் குறைந்த கிடங்கும் சரியும். நாலு அடிக்கு மேல் ஆழம் என்றால் இரு பக்கமும் பலகை முட்டுக் கொடுக்காமல் எவரும் இறங்கக் கூடாது.

குழாயின் வகையை அறிந்து வேலை செய்ய வேண்டும்.

பளபளப்பான பூச்சுடைய சுட்டமண் குழாய்கள் பழைய வீடுகளில் காணப்படும். ஒன்றின் வாய்க்குள் மற்றொன்றைச் செருகிச் சீமெந்து பூசியிருப்பார்கள். பூச்சைத் தட்டிக் கழற்றலாம். ஓடுகள் கண்ணாடி போல வெட்டும் என்பதால் கைக்கும் காலுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு வேண்டும்.

வார்ப்பிரும்புக் குழாய் மிகவும் பாரமானது. ஒருவர் தனியே தூக்கக் கூடாது. பழைய இரும்பாக விற்கலாம். அதன் மூட்டுகளில் ஈயம் உருக்கி ஊற்றியிருப்பது வழக்கம். அந்த ஈயத்தை எடுக்க வளவில் நெருப்பு மூட்டி உருக்குவது தவறு. ஈயப் புகை சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

சாம்பல் நிறமான அஸ்பெஸ்ரஸ் சீமெந்துக் குழாயே மிகுந்த கவனம் வேண்டுவது. அதனை வாளால் அறுக்கவோ சுத்தியலால் உடைக்கவோ கூடாது. எழும் தூசியிலுள்ள நுண்ணிய நார்கள் நுரையீரலில் தங்கி, பல பத்து ஆண்டுகளின் பின் புற்றுநோயாக வெளிப்படலாம். முழுதாக எடுக்க முடிந்தால் நன்கு நனைத்து, மூட்டில் கழற்றி, தடித்த பொலித்தீனில் சுற்றி, எங்கே ஒப்படைப்பது என்று பிரதேச சபையிடம் கேட்க வேண்டும். முடியாவிட்டால் அதனை மண்ணிலேயே விட்டு இரு முனையையும் அடைப்பதே மேல்.

பி.வி.சி. குழாயை எடுப்பது எளிது. ஆனால் எடுத்ததைக் குப்பையோடு சேர்த்து எரிக்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். அதன் புகை நச்சுப் புகை.

சுவரின் கீழோ, பெரிய வேம்பு, மாமரத்தின் வேரின் கீழோ செல்லும் குழாயை எடுப்பதால் நன்மையிலும் தீமையே அதிகம் என்றால் விட்டுவிடலாம். ஆனால் வெறுமனே விடக் கூடாது. நீர் போல இளக்கிய சீமெந்து மணற் கலவையை உள்ளே ஊற்றி நிரப்பி, இரு முனையிலும் ஓர் அடி நீளத்துக்குக் கல்லும் சீமெந்தும் வைத்து அடைக்க வேண்டும். ஒரு முனையை மட்டும் அடைப்பது அரைகுறை வேலை.

குழிக்குள் இறங்குபவர் யார்?

குழாயின் முடிவில் பழைய மலக்குழி இருக்கும். இவ்விடத்தில் மனச்சாட்சியோடு ஒரு கேள்வி கேட்க வேண்டியுள்ளது. வீட்டுக்காரர் எவரும் அக்குழிக்குள் இறங்குவதில்லை. நாட்கூலிக்கு வரும் ஏழை ஒருவரையே இறக்குகிறோம். வாளி மலசலகூடக் காலத்தில் இந்த வேலையைச் சில குடும்பங்களின் தலையில் சுமத்தி, அவர்களையே தள்ளி வைத்த சமூகம் நமது சமூகம். வாளி போய்விட்டது, அந்த மனப்பான்மை போய்விட்டதா?

மூடிக் கிடந்த குழியில் ஒட்சிசன் குறைவு. அங்கே ஐதரசன் சல்பைட்டு வாயுவும் மெதேன் வாயுவும் தேங்கியிருக்கும். முன்னையது அழுகிய முட்டை மணம் உடையது. ஆனால் செறிவு கூடும்போது மூக்கு மணத்தை உணரும் சக்தியை இழந்துவிடும்; மணம் இல்லையே என்று நம்பி இறங்குபவர் சில நிமிடங்களில் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். மெதேன் தீப்பற்றக் கூடியது. விளக்கைக் கட்டி இறக்கிச் சோதிப்பது இங்கே பொருந்தாது. எனவே எக்காரணம் கொண்டும் எவரும் பழைய மலக்குழிக்குள் இறங்கக் கூடாது. உள்ளூராட்சி சபையின் கழிவுறிஞ்சும் பவுசரை அழைத்து வெறுமையாக்கி, சுண்ணாம்பு தூவி, மேலே நின்றபடியே மண்ணும் மணலும் போட்டு நிரப்ப வேண்டும். மேலே பலகையும் மண்ணும் மட்டும் போட்டு மூடிய குழி, என்றோ ஒருநாள் பிள்ளையையோ மாட்டையோ விழுங்கும்.

குழாய் தோண்ட வருபவருக்குக் கையுறையும் பூட்சும் கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை. ஏற்புவலித் தடுப்பூசி போட்டவரா என்று கேட்க வேண்டும். வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் குளிக்க நீரும் இடமும் கொடுக்க வேண்டும். பின்வரும் நாட்களில் காய்ச்சலோ கடுமையான தசைநோவோ கண்டால், சேற்றில் வேலை செய்ததை வைத்தியரிடம் சொல்லும்படி கூற வேண்டும்.

கிடங்கை மூடுதல்

இங்கேதான் பலரும் தவறுகின்றனர். குழாயை எடுத்துவிட்டு, உடைந்த ஓடு, கல், குப்பை எல்லாவற்றையும் கிடங்கில் கொட்டி, மேலே மண்ணை இழுத்து விடுகின்றனர். அதனால் நாலு அங்குலக் குழாய் இருந்த இடத்தில் ஒன்றரை அடி அகலமான கான் உருவாகிறது. நீர் முன்னரிலும் இலகுவாகக் கிணற்றை நோக்கிப் போகும்.

கிடங்கின் அடியில் பாறை வெடிப்பு தெரிந்தால் முதலில் களிமண் பிசைந்து அதனை அடைக்க வேண்டும். பின்னர் செம்மண்ணை ஆறு அங்குலத் தட்டுகளாக இட்டு, நீர் தெளித்து, ஒவ்வொரு தட்டையும் திமிசினால் இடித்து இறுக்க வேண்டும். கிணற்றுக்கு அண்மையில் வரும் கடைசிப் பத்து அடியில் கூடிய கவனம் வேண்டும். மேற்பரப்பைச் சற்று உயர்த்தி விட்டால் மண் அமரும்போது பள்ளம் விழாது.

குழாயின் முனை கிணற்றுச் சுவருக்கு அருகில் வந்திருந்தால் கிணற்றையும் பார்க்க வேண்டும். உட்கட்டில் கசிவுக் கறை இருந்தால் சீமெந்து பூசுவதோடு, கிணற்றைச் சுற்றி நீர் உள்ளே இறங்காதபடி மேடையும் கட்ட வேண்டும். பின்னர் கிணற்றை இறைத்து, ஊற விட்டு, குளோரீன் இட வேண்டும். நீரின் அளவை அறிய எளிய கணக்கு உண்டு. கிணற்றின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, மீண்டும் 5ஆல் பெருக்க வேண்டும். அளவுகள் அடியில் இருந்தால் விடை ஏறக்குறையக் கலன்களில் வரும். 8 அடி விட்டமும் 6 அடி நீரும் உள்ள கிணற்றில் 1,920 கலன் நீர் இருக்கும். இக்கணக்கைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுத்தால் எவ்வளவு வெளிற்றும் தூள் இடவேண்டும், எப்போது குடிக்கலாம் என்பதை அவர் சொல்வார்.

குளோரீன் கிருமியைக் கொல்லும், நைத்திரேற்றை நீக்காது. வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் நீரைப் பரிசோதித்துப் பார்ப்பது அவசியம். முடிவு வரும் வரை குழந்தைக்கு வேறு நல்ல நீரைப் பயன்படுத்த வேண்டும்.

சேர்ந்து செய்ய வேண்டிய வேலை

நிலத்தின் கீழே வேலி இல்லை. நமது வளவின் அழுக்கு அயல் கிணற்றுக்கும், அயல் வளவின் அழுக்கு நமது கிணற்றுக்கும் போகும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய்க் கழிவு கலந்து, அந்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியதை அறிவோம். பெரிய நிறுவனங்களின் கழிவுக்கு எதிராகக் குரல் கொடுக்கும் நாம், சொந்த வளவில் கிடக்கும் குழாயையும் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் இதனை ஒரு வேலைத்திட்டமாக எடுக்கலாம். ஓர் ஒழுங்கையிலுள்ள வளவுகளில் கிணறு, குழி, பழைய குழாய் ஆகியவற்றைக் குறித்து வரைபடம் தயாரிப்பது முதல் வேலை. ஊரில் எஞ்சியுள்ள முதிய மேசன்மாரிடம் கேட்டால், எந்த வீட்டில் எங்கே குழாய் தாட்டார்கள் என்று இன்னமும் சொல்வார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். பல வளவுகளுக்கு ஒரே நாளில் பவுசரை அழைத்தால் செலவைப் பங்கிடலாம். தனியே வாழும் முதியவர்களின் வளவுகளைச் சிரமதான முறையில் இளைஞர்கள் செய்து கொடுக்கலாம்.

புதிதாகக் குழாய் தாழ்ப்பவர்கள் ஒன்றை மனத்தில் வைத்திருக்கட்டும். எந்த ஆழத்தில், எந்தத் திசையில், எவ்வளவு நீளத்தில் தாழ்த்தோம் என்று எழுதி, காணி உறுதியோடு சேர்த்து வைக்க வேண்டும். கிணற்றடியில் குளிக்கும் நீரைக் குழாயில் புதைக்காமல் திறந்த வாய்க்காலில் வாழைக்கும் கமுகுக்கும் பாய விட்டது நமது முன்னோரின் வழக்கம். திறந்த வாய்க்கால் உடைந்தால் அன்றே தெரியும். மண்ணில் மறைந்த குழாய் உடைந்தால் கிணற்று நீர் கெட்ட பின்னரே தெரியும். மாரிக்கு முன் ஒருநாள் மாலை, கையில் ஒரு வாளி நீரோடு பின்வளவுக்குப் போய், நமது வீட்டின் குழாய்கள் எங்கே போகின்றன என்று பார்ப்போமாக.